குழந்தை நல நர்ஸ் பிராக்டிஷனர்: எதைப் பார்த்துத் தேர்வு செய்வது?

1965-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் தொடங்கிய பயிற்சியிலிருந்து வந்த பணி இது: குழந்தைகளைப் பரிசோதித்துச் சிகிச்சை தரும், கூடுதல் பயிற்சி பெற்ற நர்ஸ். தகுதி: பதிவு பெற்ற நர்ஸ், அதற்கு மேல் முதுநிலை அல்லது முனைவர் படிப்பு, தேசியச் சான்றிதழ்த் தேர்வு. மருந்து எழுதித் தரலாம். டாக்டர் மேற்பார்வை வேண்டுமா என்பது அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

தரம் தெரிவது குழந்தையைப் பார்க்கும் விதத்தில்தான். நல்லவர் குழந்தையை மேசையில் கிடத்த அவசரப்பட மாட்டார். அம்மா மடியிலேயே வைத்து, அழுகை தொடங்குமுன் இதயத்தையும் நுரையீரலையும் கேட்டுவிடுவார். காது, தொண்டை கடைசியில். வரிசை மாறினால் மெல்லிய இதய முணுமுணுப்பு (துடிப்போடு கேட்கும் கூடுதல் ஒலி) அழுகையில் அமுங்கிப்போகும்.

காய்ச்சல் மருந்து சொல்லும்போது இன்னும் கவனியுங்கள். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோ எடைக்கு 10–15 மி.கி. "ஒரு ஸ்பூன் கொடுங்க" என்று அனுப்பினால் மதிப்பெண்ணைக் குறைக்கலாம்: சிரப்பின் செறிவு பாட்டிலுக்குப் பாட்டில் வேறு, வீட்டு ஸ்பூனின் அளவும் வேறு. சிரிஞ்சில் மி.லி. அளவை இழுத்துக் காட்டி, பெற்றோரையும் இழுக்கச் சொல்பவரே தேறுகிறார். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டத்தான் செய்வார்கள்.

குறை, நேரம். நெரிசலான கிளினிக்கில் முதலில் வெட்டுப்படுவது இந்தச் செய்துகாட்டல்தான். ஒரு எச்சரிக்கை: 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் என்றால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.