மூன்றாம் வகுப்புப் பருவப் புத்தகம்: வீட்டுக்கல்விக்குத் தாங்குமா?

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திய கையோடு பெரிய விலை கொடுத்து ஒரு ‘ஹோம்ஸ்கூல் கிட்’ வாங்குகிறவர்கள் அதிகம். பெட்டி வந்து இரண்டு வாரத்தில் பரணுக்குப் போய்விடும். அதற்கு முன் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பருவப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது. பிடிஎஃப் இலவசம். தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டும் உண்டு. 2018–19இல் தொடங்கிய பாடத்திட்ட மாற்றத்துக்குப் பின் வந்த இந்தப் புத்தகங்கள் பார்க்கவும் லட்சணமாக இருக்கின்றன. இங்கே பேசுவது மூன்றாம் வகுப்பு முதல் பருவத்தைப் பற்றி. எட்டு வயதுப் பிள்ளையோடு வீட்டில் முதல் மூன்று மாதத்தை ஓட்ட இது போதுமா என்பதுதான் கேள்வி.

போதும். ஆனால் அதைப் பள்ளிக்கூடம் மாதிரி நடத்தினால் போதாது.

ஒரு பருவத்துக்கு இரண்டு தொகுதிகள். ஒன்றில் தமிழும் ஆங்கிலமும், மற்றதில் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். ஆண்டு முழுப் பாடத்தையும் தலையில் கட்டாமல் மூன்றாகப் பிரித்திருப்பதே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பெரிய ஆறுதல். பிடிஎஃபை அச்செடுப்பவர்கள் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்: காசு மிச்சம் பிடிக்க ஏ4 தாளின் ஒரு பக்கத்தில் புத்தகத்தின் இரண்டு பக்கங்களைச் சுருக்கி அடிப்பது. விடை எழுதும் கட்டத்துக்குள் பிள்ளையின் பென்சில் எழுத்து அடங்காது. அடங்காதபோது பிள்ளை எழுத மறுக்கும், வீட்டில் அதற்குச் ‘சோம்பேறி’ என்று பெயர் விழும். ஒரு பக்கத்துக்கு ஒரு பக்கமாகவே அடியுங்கள். கணக்கின் பயிற்சிப் பக்கங்களை மட்டும் இரண்டு பிரதி எடுங்கள். ஸ்பைரல் போட்டால் தரையில் மடங்காமல் விரிந்து கிடக்கும். அறிவியல் படங்கள் கறுப்பு வெள்ளையில் ஒன்றும் விளங்காது, அவற்றை மொபைலிலேயே காட்டிவிடலாம்.

புத்தகத்தின் பெரிய குறை, வீட்டுக்காரர் பார்வையில், அது வகுப்பறைக்காக எழுதப்பட்டது என்பதுதான். ‘குழுவாகப் பிரிந்து பேசுக’, ‘உன் நண்பனிடம் கேள்’ என்று வரும் இடங்களில் ஒற்றைப் பிள்ளை முழிக்கும். அப்படியே தாண்டிவிடுகிறவர்கள் பாடத்தின் பாதியை இழக்கிறார்கள், ஏனென்றால் பேச்சுப் பயிற்சி முழுக்க அங்கேதான் இருக்கிறது. தாத்தாவிடம் கேட்கட்டும், பால்காரரிடம் கேட்கட்டும், அத்தைக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பட்டும்.

கணக்குப் புத்தகம் ஐந்திலும் சிறந்தது, அவசரக்காரர்களை அதிகம் கவிழ்ப்பதும் அதுவே. வடிவியல், எண்கள், அளவைகள் என்று அதே தலைப்புகள் பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பி வரும். ‘எண்களை முதலில் முடித்துவிடுவோம்’ என்று மூன்று பருவத்து எண் பாடங்களையும் ஒன்றாகக் கோத்து நடத்தினால் பிள்ளை ஒரு மாதம் வெறும் கூட்டல் கழித்தலில் கிடந்து சலித்துப்போகும்.

கடன் வாங்கிக் கழித்தல் இந்த வயதின் முட்டுச்சந்து. புத்தகத்தில் கட்டம் போட்டு இடமதிப்பைக் காட்டுவார்கள், கைக்குப் பொருள் நாம்தான் கொடுக்க வேண்டும். விளக்குமாற்று ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்து முந்நூற்றுச் சொச்சம் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு, பத்துச் சிறு கட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டாக்குங்கள். இப்போது 302இலிருந்து 148. தரையில் மூன்று பெரிய கட்டு, சிறு கட்டு எதுவுமில்லை, உதிரி இரண்டு. இரண்டிலிருந்து எட்டு போகாது. பக்கத்தில் போய்க் கேட்டால் அங்கே சுழியம். தாளில் பிள்ளை தடுமாறுவது இங்கேதான்: நூறிலிருந்து கடன் வாங்கி நேரே ஒன்றின் இடத்தில் வைத்துவிடும், அல்லது சுழியத்தைச் சுழியமாகவே விட்டுவிட்டு நாலைக் கழிக்கப் பார்க்கும். குச்சியில் அந்தத் தவறு நடக்க வழியில்லை. ஒரு பெரிய கட்டை அவிழ்த்தால் பத்துச் சிறு கட்டு, அதில் ஒன்றை அவிழ்த்தால் பத்து உதிரி. கையில் இருப்பது இரண்டு பெரியது, ஒன்பது சிறியது, பன்னிரண்டு உதிரி. எடுத்தால் மிச்சம் 154. அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்று பிள்ளை வாயால் சொன்ன பிறகே பென்சிலைக் கொடுங்கள். அதுவரை நாலைந்து நாள் ஆகலாம், ஆகட்டும்.

நேரம் பற்றி. முப்பது பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடம் எடுக்கும் பாடம் ஒற்றைப் பிள்ளைக்குப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே ஐந்தாறு வாரத்தில் முதல் பருவமே முடிந்து, ‘என் பிள்ளை ஒரு வகுப்பு முன்னே இருக்கிறான்’ என்று வீடு குதூகலிக்கும். பாடம் முடிந்து ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். தெரிந்துவிடும். நாளைக்கு இருபது இருபத்தைந்து நிமிடமாக இரண்டு அமர்வு, வாரத்தில் நான்கு நாள், இதுவே தாராளம். பள்ளியில் கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதம் புத்தகமே தொடாமல் விடுங்கள் என்று வீட்டுக்கல்வி வட்டாரத்தில் ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை அப்படியே பின்பற்ற எல்லோராலும் முடியாது. முதல் இரண்டு மூன்று வாரத்துக்காவது எழுத்து வேலை வேண்டாம், வாசித்துக் காட்டுவது மட்டும் போதும்.

ஆங்கிலவழிப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்குத் தமிழ்ப் பாடம் எட்டாக்கனியாக இருந்தால் மூன்றாம் வகுப்பிலேயே மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் பயிற்சி நூல்கள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் போகின்றன. அடிநிலை அரும்பு, அந்தந்த வகுப்புக்குரிய நிலை மலர். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டினால் பிள்ளைக்கு ரோசம் வந்துவிடும், மொட்டு என்றால் வராது.

பாடத்தின் ஓரத்தில் உள்ள கியூஆர் குறியீட்டைத் திக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் கூடுதல் பாடப்பொருள் வரும். முதலில் நீங்கள் பார்த்துவிட்டு, வேண்டியதை மட்டும் காட்டுங்கள். ஜெராக்ஸில் சுருங்கிப்போன குறியீடு பெரும்பாலும் ஸ்கேன் ஆகாது, மூலப் பிடிஎஃபைத் திரையில் வைத்து எடுங்கள்.

புத்தகம் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. பள்ளியை விட்டு வரும்போது மாற்றுச் சான்றிதழையும், பிள்ளையின் எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள அடையாள எண்) கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பச் சேர்க்கும்போது அடுத்த பள்ளி அந்த எண்ணை, பள்ளியை விட்டவர்களின் பதிவுகள் கிடக்கும் பொதுத் தொகுப்பிலிருந்துதான் எடுக்கும். கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க இடமுண்டு. ஆனாலும் தேதி போட்ட நோட்டும் பயிற்சித் தாள்களும் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் போகத் தீர்மானித்தவர்களுக்கும் இந்த வயதில் இதே புத்தகம் உதவும். அங்கே அடிப்படைக் கல்வியின் ‘ஏ’ நிலை மூன்றாம் வகுப்புக்கு இணை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தேடுகிறவர்களுக்கு மட்டும் இந்த மதிப்பீடு பொருந்தாது, தமிழ்நாட்டு எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் பருவப் பிரிவு கிடையாது.

இரண்டாம் பருவத்தை இப்போதே அச்சடித்து அடுக்கி வைக்காதீர்கள். அலமாரியில் தடிமனாக நிற்கிற புத்தகத்தைப் பார்க்கப் பார்க்க, பிள்ளையைவிட நமக்குத்தான் அவசரம் வரும்.