குவனஹுவாத்தோவில் வீடு பிடிக்கும்போது அக்டோபரைப் பற்றிக் கேளுங்கள்

மெக்சிகோவின் குவனஹுவாத்தோவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வருகிறவர்கள், வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு 9,000 பெசோ போனது. அதைவிட, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மூன்று வாரம் வேறு ஊரில் தங்க வேண்டி வந்ததுதான் இன்னும் ஆறவில்லை.

என் கணவருக்கு வலென்சியானா பக்கமுள்ள கணித ஆய்வு மையத்தில் இரண்டு வருட வேலை. போன வருடம் ஜூலை கடைசியில் போய் இறங்கினோம். அங்கே வாடகைக்கு விடுகிறவர்கள் பலர் 'அவால்' கேட்கிறார்கள். அதாவது, உள்ளூரில் சொந்த வீடு வைத்திருக்கும் ஒருவர் நமக்கு ஜாமீன் நிற்க வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு யார் நிற்பார்கள்? நான்கு வீடுகள் அப்படியே கைநழுவின. ஐந்தாவது வீட்டுக்கார அம்மா அவால் வேண்டாம் என்றதும் சந்தோஷத்தில் வேறு எதையும் யோசிக்கவில்லை.

கார் நுழையாத சந்தில், 94 படி ஏறிப் போகும் வீடு. மாடியில் நின்றால் பசிலிக்காவின் மஞ்சள் கோபுரங்கள் தெரியும். வாடகை 9,000 பெசோ, முன்பணமும் ஒரு மாத வாடகைதான். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய எங்களுக்கு அது சல்லிசாகத் தோன்றியது. அன்றைக்கே 18,000 பெசோவை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தோம். ரசீது கேட்டதற்கு 'அஹோரித்தா' என்றார். 'இதோ தருகிறேன்' என்று எடுத்துக்கொண்டோம். கடைசி வரை வரவில்லை.

ஒப்பந்தம் ஸ்பானிய மொழியில் இரண்டு பக்கம். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை, அதற்குமேல் உரிமையாளர் விரும்பினால் நீட்டிக்கலாம் என்று இருந்தது. ஒரு வருடம் என்றுதானே பேசினோம் என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது சும்மா வழக்கமாகப் போடுகிற வரி, கவலைப்படாதே மகளே" என்றார். விடுதியில் குழந்தை நாலு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

செப்டம்பர் நடுவில் வந்து, முப்பதாம் தேதிக்குள் காலி செய்யச் சொன்னார். காரணம் செர்வாந்தினோ விழா. 1972-இல் தொடங்கி, இப்போது அக்டோபரில் நடக்கும் சர்வதேசக் கலைவிழா அது. நாடகம், இசை, நடனம் என்று உலகின் பல பக்கங்களிலிருந்து கலைஞர்கள் வருவார்கள், பார்வையாளர்கள் ஊர் கொள்ளாமல் வருவார்கள். அந்த நாட்களில் நாள் வாடகைக்கு விட்டால் மாத வாடகையைச் சில நாளிலேயே எடுத்துவிடலாம். "நவம்பரில் திரும்பி வாருங்கள், புதிதாக ஒரு முன்பணம் கொடுத்தால் போதும்" என்று சொன்னபோது என் கணவருக்குப் பேச்சே வரவில்லை.

அப்புறம் சுவர். சாவியைத் திருப்பிக் கொடுக்கும் அன்று வீட்டைப் பார்க்க வந்தவர், நேராகப் படுக்கையறை அலமாரியைத் தள்ளச் சொன்னார். பின்னால் ஓர் ஆள் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்து உரிந்திருந்தது. தொட்டால் உப்பு மாதிரி வெள்ளைப் பொடி விரலில் ஒட்டியது. நாங்கள் வீட்டுக்குள் ஈரத்துணி காயப்போட்டதால் வந்தது என்று சொல்லி முன்பணம் முழுவதையும் பிடித்துக்கொண்டார். அதற்கு அங்கே 'சலித்ரே' என்று பெயர். வீட்டின் பின்சுவர் மலையை ஒட்டி நிற்கிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழைக்காலம். மண்ணில் ஊறும் தண்ணீர் சுவருக்குள் ஏறி, உப்பை வெளியே தள்ளுகிறது. இரண்டு மாதத்தில் துணி காயப்போட்டு வருவதில்லை இது. குடிபோன அன்று அந்த அறையில் மட்டும் புதுப் பெயிண்ட் வாசனை அடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கே அலமாரியை நகர்த்திப் பார்த்து ஒரு படம் எடுத்திருந்தால் பேச வாய் இருந்திருக்கும். ரசீதும் இல்லை, படமும் இல்லை. விசாரித்த வக்கீலும் அதைத்தான் சொன்னார்.

விழா நேரத்தில் ஊருக்குள் எங்கள் கைக்கு எட்டும் வாடகையில் ஒரு அறைகூடக் கிடைக்கவில்லை. பக்கத்து நகரமான லியோனில் அறை எடுத்தோம். என் கணவர் தினமும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தார். சாமான்களைப் படியில் இறக்க, எதிர்வீட்டு அம்மாவும் அவர் பேரனும்தான் கேட்காமலே வந்து உதவினார்கள்.

இப்போது மார்ஃபில் பகுதியில் இருக்கிறோம். ஆய்வு மையத்தின் வேலைக் கடிதமும் இரண்டு மாத முன்பணமும் கொடுத்ததும், அவால் இல்லாமலே ஒத்துக்கொண்டார்கள். இந்த முறை 12 மாதம் என்றும், அக்டோபரிலும் காலி செய்யச் சொல்லக்கூடாது என்றும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினேன். 'ப்ரெதியால்' என்கிற சொத்துவரி ரசீதில் உள்ள பெயரும் வீட்டுக்காரரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றுதானா என்று பார்த்தேன். கரண்ட் பில் நம்ம ஊர் மாதிரியே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. பழைய பாக்கி இல்லை என்று கடைசி பில்லைக் காட்டச் சொன்னேன். பணத்தை வங்கி வழியாக, 'முன்பணம்' என்று குறிப்பிட்டே அனுப்பினோம். எல்லாச் சுவரையும் வீடியோ எடுத்து, அன்றைக்கே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் கோபப்படவில்லை.

ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். இரண்டு மாத ஒப்பந்தம் நீட்டினால் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். என் ஸ்பானியம் இப்போது பரவாயில்லை, உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.