சவுண்ட்பார் தானா இன்புட் மாறுதுன்னா அவசரப்பட்டு டிவியைக் கழட்டிக் கொடுத்துடாதீங்க

டிவியோட சவுண்ட்பார் (டிவிக்குக் கீழ வைக்கிற நீளமான ஸ்பீக்கர்) மாட்டி வச்சிருக்கவங்க, அது தானா இன்புட் மாறுதுன்னு யாரையாவது வீட்டுக்குக் கூப்பிடப் போறீங்கன்னா அதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிடுங்க. எங்க டிவிக்கு ஒண்ணுமே ஆகல. ஆனா "மெயின் போர்டு (டிவிக்குள்ள இருக்கிற முக்கிய சர்க்யூட் பலகை) மாத்தியாச்சு"ன்னு ஒரு பில்லு என் கையில இருக்கு, அதுக்கு நான் கட்டின பணம் சவுண்ட்பார் வாங்கின விலையில பாதிக்கு மேல.

சவுண்ட்பார் வாங்கினதே அப்பாவுக்காகத்தான். காது கொஞ்சம் மந்தமாயிடுச்சு, டிவி ஸ்பீக்கர்ல பாட்டு சத்தமா கேக்குது, ஆனா யாரு என்ன பேசறாங்கன்னு புரியலன்னு சொல்லிட்டே இருந்தாரு. சவுண்ட்பார்ல பேச்சை மட்டும் தூக்கிக் காட்டுற வாய்ஸ் மோடு ஒண்ணு இருக்கும், அதைப் போட்டுக் கொடுத்த அன்னிக்கு நியூஸ் முழுசையும் உக்காந்து கேட்டுட்டு "இப்பதான்டா எல்லாம் தெளிவா கேக்குது"ன்னாரு. ரெண்டு மாசம் நல்லா போச்சு.

அப்புறம்தான் ஆரம்பிச்சுது. டிவிக்குள்ள இருக்கிற ஆப்ல ஏதாவது பாத்துட்டு இருப்பாரு, திடீர்னு படம் தானா எச்டிஎம்ஐ 3க்கு, அதாவது டிவிக்குப் பின்னாடி கேபிள் சொருகற மூணாவது ஓட்டைக்குப் போயிடும், அங்க மாட்டியிருக்கிற ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோட (இன்டர்நெட்ல படம் பாக்க டிவியில சொருகற குட்டிக் கருவி) முகப்பு வந்து நிக்கும். சில சமயம் படம் அப்படியே இருக்கும், சவுண்ட்பார் மட்டும் நின்னுபோயி டிவியோட சொந்த ஸ்பீக்கர்ல சத்தம் வரும். யாரும் ரிமோட்டைத் தொடல. அப்பா ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டு "நான்தான் எதையோ அமுக்கிட்டேன் போல"ன்னு சொல்வாரு.

போன்ல தேடி ஒரு சர்வீஸ்காரங்களைப் பிடிச்சேன். அவங்க பேரை இங்க போடல, ஏன்னா இதே வேலையைப் பண்றவங்க ஒருத்தர் மட்டும் இல்ல, எப்படிப் பண்ணாங்கங்கறதுதான் உங்களுக்குத் தெரியணும். மறுநாளே ஒருத்தர் வந்தாரு. டிவி செட்டிங்ஸைத் திறந்துகூட பாக்கல. சவுண்ட்பார்ல இருந்து வர்ற கேபிளை எச்டிஎம்ஐ 2ல இருந்து பிடுங்கி எச்டிஎம்ஐ 1ல சொருகினாரு. சவுண்ட்பார்ல சத்தம் நின்னுபோச்சு. "பாத்தீங்களா சார், போர்ட் மாத்துனா சத்தமே வரல, எச்டிஎம்ஐ செக்‌ஷனே அவுட்டு, மெயின் போர்டு மாத்தணும்"னாரு. நான் கண்ணால பாத்தேன், நம்பிட்டேன்.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு படிங்க. டிவிக்குப் பின்னாடி மூணு நாலு எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், பாக்க எல்லாம் ஒரே மாதிரிதான். ஆனா டிவில இருந்து சவுண்ட்பாருக்கு சத்தத்தைத் திருப்பி அனுப்புற வசதி பொதுவா அதுல ஒண்ணுலதான் இருக்கும், அது பக்கத்துல ஏஆர்சின்னோ (ARC) இஏஆர்சின்னோ (eARC) சின்னதா அச்சடிச்சிருப்பாங்க. எச்டிஎம்ஐங்கறது அடிப்படையில டிவிக்குள்ள வர்ற வழி, சத்தம் அதே கம்பியில எதிர்த்திசையில வெளிய போறது தனி ஏற்பாடு. அந்த ஏற்பாடு 2009ல எச்டிஎம்ஐ 1.4ல வந்துச்சு, அதோட பெரிய வடிவமான இஏஆர்சி 2017ல 2.1 கூட வந்துச்சு. அதனால ஏஆர்சி இல்லாத ஓட்டையில சவுண்ட்பாரைச் சொருகினா சத்தம் வராது, வரவும் கூடாது. புத்தம் புது டிவியிலயும் அப்படித்தான். அவரு எனக்குக் காட்டினது ரிப்பேரே இல்ல. அது தெரியாம பண்ணாருன்னு என்னால நினைக்க முடியல, தினம் இதே வேலை பண்றவருக்கு அந்த மூணு எழுத்து கண்ணுல படாமயா இருக்கும்.

அதைவிட எனக்கு ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. கிளம்பும்போது அப்பாவைப் பாத்து "பெரியவங்க ரிமோட்டை மாத்தி மாத்தி அமுக்குனா போர்டு தாங்காதுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு. ரிமோட் அமுக்கறதால எந்த போர்டும் போகாது. ஆனா அப்பா அன்னிக்கு ரிமோட்டை டீப்பாய்ல வச்சவருதான், அதுக்கப்புறம் தொடவே இல்ல. டிவி பாக்கணும்னா நான் ஆபீஸ்ல இருந்து வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருப்பாரு.

முன்பணம் வாங்கிட்டு டிவியை எடுத்துட்டுப் போனாங்க, நாலு நாள் கழிச்சு கொண்டுவந்து மாட்டினாங்க. மீதிப் பணமும் வாங்கினாங்க. கூடவே "ஏஆர்சி எப்பவும் தகராறு பண்ணும் சார், பேக்கப்புக்கு இது இருக்கட்டும்"னு சத்தத்தை மட்டும் கொண்டுபோற ஒரு ஆப்டிகல் கேபிளையும் மாட்டிட்டு அதுக்குத் தனியா காசு. எச்டிஎம்ஐ கேபிளும் இருக்கு, ஆப்டிகலும் இருக்கு, ரெண்டும் ஒரே சவுண்ட்பார்ல.

அவங்க போனதும் டிவியைப் போட்டேன். வைஃபை தானா கனெக்ட் ஆச்சு. ஆப்ஸ் எல்லாம் லாகின் பண்ணபடியே இருந்துச்சு. சோர்ஸ் பட்டனை அமுக்கினா எச்டிஎம்ஐ 1க்கு நேரா "அப்பா பெட்டி"ன்னு வந்துச்சு. செட்டாப் பாக்ஸை அப்பா சுலபமா கண்டுபிடிக்கட்டும்னு நான் டைப் பண்ணி வச்ச பேரு அது. அப்ப எனக்கு ஒண்ணும் தோணல, நல்லவேளை திரும்ப செட் பண்ண வேண்டாம்னுதான் நினைச்சேன்.

அன்னிக்கு ராத்திரி படுத்தப்புறம்தான் உறைச்சுது. டிவியோட மெமரி மெயின் போர்டுலதான் இருக்கும். வைஃபை பாஸ்வேர்டு, ஆப் லாகின், நாம வச்ச பேரு எல்லாம் அதுலதான் பதிவாகும். போர்டை மாத்தியிருந்தா டிவி புதுசா வாங்கின அன்னிக்கு மாதிரி மொழி என்ன வைஃபை என்னன்னு கேட்டிருக்கணும். எந்திரிச்சுப் போயி செல்போன் டார்ச்சை அடிச்சு டிவிக்குப் பின்னாடி பாத்தேன். பின்மூடியில ஸ்க்ரூ உள்ள போற குழி ஒவ்வொண்ணுலயும் பழைய தூசி அப்படியே அடைஞ்சு கெட்டியா இருந்துச்சு. மேல் பக்கம் ஒரு குழியில ஒட்டடை குறுக்கால ஓடிச்சு, அறுபடக்கூட இல்ல. ஒரு ஸ்க்ரூ டிரைவர் உள்ள போயிருந்தா அது எப்படிங்க அங்க இருக்கும்? டார்ச் வெளிச்சத்துலயே எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சேன்.

காலையில போன் பண்ணேன். முதல்ல "டேட்டாவை காப்பி பண்ணிப் போட்டோம் சார்"னாங்க. சரி, அப்ப பழைய போர்டைக் கொடுங்கன்னேன். ஸ்கிராப்ல போட்டாச்சாம். புது போர்டோட பார்ட் நம்பர் பில்லுல ஏன் இல்லன்னு கேட்டேன், "எங்க சிஸ்டத்துல வராது சார்"னாங்க. தூசியைப் பத்திச் சொன்னதும் "மேனேஜர் பேசுவாரு"ன்னு வச்சுட்டாங்க. எந்த மேனேஜரும் பேசல.

இதுக்கு நடுவுல பிரச்சினை தீரல, இன்னொண்ணு புதுசா சேந்துடுச்சு. சத்தம் ரெண்டா வர ஆரம்பிச்சுது, டிவி ஸ்பீக்கர்லயும் வரும் சவுண்ட்பார்லயும் வரும், ரெண்டும் இம்மி தள்ளி, கிணத்துக்குள்ள நின்னு பேசற மாதிரி. டிவி ரிமோட்ல சத்தத்தைக் குறைச்சா சவுண்ட்பார் காதுலயே போட்டுக்காது. காது மந்தமான ஒருத்தருக்கு இதைவிடக் கொடுமை கிடையாது, ஒரு வார்த்தைகூட பிரிச்சுக் கேக்க முடியல அவருக்கு. காரணம் அந்த பேக்கப் கேபிள்தான். எங்க சவுண்ட்பார் சிக்னல் வர்ற இன்புட்டுக்குத் தானா தாவுற ரகம். டிவி ஆப்டிகல் வழியாவும் சத்தத்தை அனுப்பிட்டே இருக்கும், எச்டிஎம்ஐ பக்கம் ஒரு நொடி தடங்கல் வந்தா சவுண்ட்பார் ஆப்டிகலுக்குத் தாவிடும், டிவி சவுண்ட்பார் போயிடுச்சுன்னு நினைச்சுத் தன் ஸ்பீக்கரைத் திறந்துவிடும். ஆப்டிகல்ல சத்தம் மட்டும்தான் போகும், வால்யூம் கட்டளை எதுவும் போகாது. ஒரு டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் நடுவுல ஒரு வழிதான் இருக்கணும், ரெண்டையும் மாட்டாதீங்க.

அதுக்கப்புறம் யாரையும் கூப்பிடல. சவுண்ட்பாரோட புத்தகத்தை எடுத்து வச்சு உக்காந்தேன். அப்பதான் சிஇசின்னு (CEC) ஒண்ணு இருக்கறதே தெரியும், எச்டிஎம்ஐல மாட்டின பொருளெல்லாம் ஒண்ணுக்கொண்ணு கட்டளை அனுப்பிக்கிற வசதி அது. எச்டிஎம்ஐ கேபிள்ல 19 பின் இருக்கு, அதுல 13வது பின் இதுக்குன்னே. டிவி, சவுண்ட்பார், பாக்ஸ், ஸ்டிக்கு எல்லாம் அந்த ஒரே கம்பியிலதான் பேசிக்கும். ஒரு ரிமோட்ல எல்லாம் ஆன் ஆகறது, டிவி ரிமோட்ல சவுண்ட்பார் சத்தம் கூடறது எல்லாம் இதாலதான். ஆனா இதே கம்பியில எந்தப் பொருளும் "இப்ப நான்தான் ஓடறேன், என்னைக் காட்டு"ன்னு சொல்லலாம், டிவி கேள்வி கேக்காம அந்த இன்புட்டுக்குப் போயிடும். செட்டிங்ஸ்ல சிஇசின்னு தேடினா பல டிவியில கிடைக்காது, ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பேரு வச்சிருக்கு. சாம்சங்ல எனிநெட் பிளஸ், எல்ஜில சிம்ப்லிங்க், சோனில பிராவியா சிங்க், பிலிப்ஸ்ல ஈஸிலிங்க், பானசோனிக்ல வியரா லிங்க். எல்லாம் ஒண்ணுதான்.

எல்லா பிளக்கையும் சுவத்துல இருந்து பிடுங்கினேன். ரிமோட்ல ஆஃப் பண்றது போதாது, ஸ்டாண்ட்பைல இருந்தா அந்தப் பேச்சுவார்த்தைப் பகுதி முழிச்சுட்டேதான் இருக்கும். பத்து நிமிஷம் விட்டேன். ஆப்டிகலைக் கழட்டி எறிஞ்சேன். டிவியோட ஏஆர்சி ஓட்டையில இருந்து சவுண்ட்பார்ல "அவுட்" இல்லன்னா "டிவி ஏஆர்சி"ன்னு எழுதியிருக்கிற ஓட்டைக்கு ஒரே கேபிள். சவுண்ட்பார்ல "இன்"னு எழுதினது வேற, அது பாக்ஸ் மாட்டறதுக்கு, பல பேர் இதுலதான் தப்பு பண்றாங்க. வேற எதுவும் மாட்டல. முதல்ல டிவியைப் போட்டு, சவுண்ட் அவுட்புட்ல ஏஆர்சியைத் தேர்ந்தெடுத்து, ரெண்டு நாள் அப்படியே ஓடவிட்டேன். ஒரு தடவைகூட தாவல. அப்புறம் செட்டாப் பாக்ஸை மாட்டி ரெண்டு நாள். அப்பவும் தாவல. ஸ்டிக்கை மாட்டின அன்னிக்கு ராத்திரியே படம் எச்டிஎம்ஐ 3க்குப் போச்சு. எனக்கு சந்தோஷம் தாங்கல, ஏன்னா திருடன் கையும் களவுமா மாட்டிட்டான்.

ஸ்டிக்குக்குத் தனி அடாப்டர், சுவத்துல எப்பவும் கரண்ட்ல இருக்கு. தூக்கத்துல இருந்து முழிக்கும்போதெல்லாம் என்னைக் காட்டுன்னு கத்தியிருக்கு, டிவி கேட்டிருக்கு. ஸ்டிக்கோட செட்டிங்ஸ்ல எச்டிஎம்ஐ சிஇசி டிவைஸ் கன்ட்ரோல்னு இருந்ததை ஆஃப் பண்ணேன். அவ்வளவுதான். டிவியில சிஇசியை ஒட்டுமொத்தமா ஆஃப் பண்ணிடாதீங்க, நிறைய டிவியில ஏஆர்சியும் சேந்து போயிடும், தொந்தரவு பண்ற பொருள்ல மட்டும் ஆஃப் பண்ணுங்க. இப்ப மூணு வாரம் ஆச்சு, ஒரு தடவைகூட மாறல. சவுண்ட்பார் ப்ளூடூத்துக்குத் தாவுதுன்னா வீட்டுல யாரோட போனோ அதோட இணைஞ்சிருக்கும், அந்தப் போன்ல போய் அந்த இணைப்பை அழிச்சுடுங்க.

இவ்வளவும் பண்ணியும் சரியாகல, நிஜமாவே டிவியைக் கொடுத்துத்தான் ஆகணும்னா, கொடுக்கிறதுக்கு முன்னாடி ஏதாவது ஒரு இன்புட்டுக்கு நீங்களா ஒரு பேரு வச்சு அதை போட்டோ எடுத்துக்கோங்க, பின்பக்க ஸ்க்ரூவையும் கிட்டத்துல எடுத்துக்கோங்க. பழைய போர்டு எனக்கு வேணும்னு முதல்லயே சொல்லி அதை பில்லுல எழுத வைங்க, பார்ட் நம்பரோட. பேரு அழிஞ்சு வந்தா மட்டும் போர்டு மாத்திட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, ரீசெட் பண்ணாலும் அழியும், அதனாலதான் ஸ்க்ரூ போட்டோவும் வேணும்னு சொல்றேன்.

அப்பாகிட்ட ஸ்டிக்கைக் கையில கொடுத்து இதுதான்ப்பா எல்லாத்துக்கும் காரணம், நீங்க எதையும் அமுக்கல, அந்த ஆளு சொன்னது பொய்யின்னு சொன்னேன். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இத்துனூண்டா?"ன்னாரு. அப்புறம் ரிமோட்டை எடுத்து அவரே நியூஸ் போட்டாரு.

அவங்க ஆபீஸுக்கு நேர்ல போயி ஆப்டிகல் கேபிளைத் திருப்பிக் கொடுத்தேன், அதோட காசை மட்டும் கொடுத்தாங்க. போர்டு பணத்துக்கு, பழைய போர்டைக் காட்டுங்க இல்ல பணத்தைக் கொடுங்கன்னு எழுத்துல கொடுத்து, போட்டோவும் வச்சு, வாங்கிட்டதா கையெழுத்து வாங்கிட்டு வந்திருக்கேன். பதில் வந்ததும் இதுலயே கீழ சேர்க்கிறேன்.