ரெஸ்கியூஜில்லா: என் டிடிபி கடைக்குச் சரிப்பட்டு வந்த இலவச பேக்கப்

பெங்களூர் அல்சூரில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ், எல்லாம் தமிழில். விண்டோஸ் போடுவது ஒரு மணி நேர வேலைதான். அப்புறம் ஃபான்ட், கீபோர்டு, பிரிண்டர் டிரைவர் என்று ஒவ்வொன்றாக ஏற்றி முடிக்க இரண்டு நாள் ஓடிவிடும்.

போன தை மாத முகூர்த்த நெருக்கடியில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் 700 ரூபாய் வாங்கிக்கொண்டு ஃபார்மேட் அடித்துக் கொடுத்தார். ஃபான்ட் ஒன்றுகூட மிச்சமில்லை. பெண் வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பாமினி என்ற தமிழ் ஃபான்டில் அடித்த பத்திரிகையைத் திறந்தேன். 'திருமண' என்று வர வேண்டிய இடத்தில் ஜே, பி, யூ, கே, இஸட் என்று ஆங்கில எழுத்துகள். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிய கையோடு பேக்கப் மென்பொருள் தேட ஆரம்பித்தேன். பலரும் சொன்ன மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்புக்கு 2024 ஜனவரியோடு ஆதரவு முடிந்துவிட்டது. வீம் ஏஜென்ட் இலவசம்தான், நேரம் குறித்து வைத்தால் தானே நகல் எடுக்கும். எனக்கு வேண்டியது விண்டோஸ், ஃபான்ட் எல்லாம் சேர்ந்த முழு டிஸ்க்கின் புதுக்கருக்கு கலையாத ஒரே ஒரு நகல். தைவான்காரர்களின் குளோன்ஜில்லா அதற்குக் கெட்டிக்காரன், ஆனால் வெறும் எழுத்துத் திரையில் கேள்வி மேல் கேள்வி கேட்கிறது. நாலாவது கேள்வியில் மூடிவிட்டேன்.

ரெஸ்கியூஜில்லாவில் அதே வேலைக்கு மவுஸ் போதும். பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குப் பதில் அதிலிருந்தே கம்ப்யூட்டரை பூட் செய்ய வேண்டும். நகல் எடுக்க பேக்கப், அதைத் திரும்ப இறக்க ரீஸ்டோர் என்று பெரிய பெரிய பொத்தான்கள். முதல் தடவை எரர் காட்டியது. சீக்கிரம் தொடங்குவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி விண்டோஸில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் கிடக்குமாம். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்த பிறகு வழிக்கு வந்தது. டிஸ்க்கில் 41 ஜிபி இருந்தது, நகல் 22 ஜிபிதான் வந்தது. காலி இடத்தை விட்டுவிட்டு, மீதியைச் சுருக்கி வைக்கிறது. இதே நகலைக் குளோன்ஜில்லாவிலும் திறக்கலாம்.

எனக்குப் பிடிக்காதது டிஸ்க் தேர்ந்தெடுக்கும் இடம். டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் பெயர்கள். ரீஸ்டோர் செய்யும்போது மாற்றித் தொட்டால் வாடிக்கையாளர் ஃபைல்கள் மொத்தமும் போச்சு. நான் அளவைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன்: 240 ஜிபி கம்ப்யூட்டருக்குள்ளே இருப்பது, 500 ஜிபி வெளியே இருப்பது. 240-ஐவிடச் சின்ன டிஸ்க்கில் இந்த நகலை இறக்கவும் முடியாது.

இறங்குகிறதா என்று பார்க்கவே இன்னொரு 240 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கி அதில் ரீஸ்டோர் செய்தேன். டீ வாங்கிக் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. முதல் காரியமாக அந்தப் பத்திரிகையைத்தான் திறந்தேன். 'திருமண அழைப்பிதழ்' என்றே இருந்தது.