டர்பன் சி.சி.எம்.ஏ.: சேர்ந்த பிறகு சம்பளத்தைக் குறைத்தால் அங்கே என்ன கிடைக்கும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சமையல்காரர் ஒருவருக்கு மாதம் 14,000 ரேண்ட், வாரம் 45 மணி நேரம் என்று வாட்ஸ்அப்பில் எழுதி ஆளைக் கூப்பிடுகிறார்கள். சேர்ந்த மூன்றாம் வாரம் புதுத் தாள் நீட்டப்படுகிறது. அதில் 11,000 ரேண்ட், தினம் பத்து மணி நேரம், ஆறு நாள் என்று இருக்கிறது. "எல்லாரும் போட்டுட்டாங்க, நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க" என்கிறார்கள்.

இந்த நிலையில் போகவேண்டிய இடம் சி.சி.எம்.ஏ. 1996 முதல் இயங்கும் தொழில் தகராறு ஆணையம் இது. டர்பன் அலுவலகம் ஆண்டன் லெம்பேடே தெருவில் இருக்கிறது. மனு கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. வேலையை விட்டு நீக்கியதற்கும் பாக்கிச் சம்பளத்துக்கும் நல்ல சேவை. ஆனால் வேலையில் இருக்கும்போதே நிபந்தனையை மாற்றிவிட்டார்கள் என்ற புகாருக்கு, மனுவில் எந்த வகையைக் குறிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நம்மவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

மனுவின் பெயர் எல்.ஆர்.ஏ. 7.11. அதில் 'ஒருதலையாக நிபந்தனை மாற்றம்' என்று ஒரு வகை இருக்கிறது. படிவத்தின் கடைசியில் தனியாக ஒரு பகுதி வரும்: பழைய நிபந்தனைகளை முதலாளி மீண்டும் கொண்டுவர வேண்டும் எனக் கேட்டு அங்கே தனியாகக் கையெழுத்திட வேண்டும். முதல் பக்கங்களை நிரப்பிவிட்டு இதை வெறுமையாக விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சரியாகக் கையெழுத்திட்டால், மனு கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். தொழில் உறவுச் சட்டம் 64(4), 64(5) பிரிவுகள் சொல்வது இது.

குறையும் இதே வகையில்தான். முதலில் சி.சி.எம்.ஏ. ஆணையர் ஒருவர் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார். அது தோற்றால் அவர் இந்தத் தகராறில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு சான்றிதழைத் தருவார், அதை வைத்து வேலைநிறுத்தம் செய்யலாம். வேலைநிறுத்தம் என்பது பலர் சேர்ந்து செய்வது. சமையலறையில் ஒற்றை ஆளாக நிற்பவருக்கு அந்தச் சான்றிதழால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே தனி ஆளாக இருப்பவர் குறைந்துபோன பணத்தைக் கேட்பதே நல்லது. மாதம் 3,000 ரேண்ட் குறைவு என்றால், அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டத்தின் 73ஏ பிரிவின் கீழ் 'தரவேண்டிய தொகை' என்று மனுச் செய்யலாம். இதில் ஆணையர் நடுவராக இருந்து தீர்ப்பே சொல்வார். வருமான உச்சவரம்புக்குக் கீழே சம்பாதிப்பவருக்கே இந்த வழி. 2025 ஏப்ரலில் வைத்த வரம்பு ஆண்டுக்கு 2,61,748 ரேண்ட், அது அவ்வப்போது உயரும். பதவியையே இறக்கிவிட்டாலோ, சலுகையை வெட்டினாலோ 'நியாயமற்ற தொழில் நடைமுறை' என்ற வகை. அதற்கு 90 நாள் கெடு. வேலையை விட்டே அனுப்பிவிட்டால் 30 நாள்தான். கெடு தாண்டினால் ஏன் தாமதம் என்று தனி விண்ணப்பம் போட்டுக் கெஞ்ச வேண்டிவரும்.

மணி நேரத்தைத் தனியாகப் பாருங்கள். வாரம் 45 மணி நேரம் உச்சம். ஓவர்டைம் சம்மதத்தோடுதான், அதுவும் வாரம் பத்து மணி நேரத்துக்கு மேல் கிடையாது, ஒன்றரை மடங்கு கூலி. ஆக, மேலே சொன்ன 60 மணி நேரத் தாளில் நீங்கள் கையெழுத்தே போட்டிருந்தாலும் அது சட்டத்துக்குப் புறம்பு. சாப்பாடு, தங்குமிடம், டிக்கெட் என்று சம்பளத்தில் பிடிப்பதற்கும் எழுத்தில் உங்கள் சம்மதம் வேண்டும் (34ஆம் பிரிவு).

போவதற்கு முன் செய்யவேண்டியது மூன்று. புதுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 'பழைய ஒப்பந்தப்படிதான் வேலை செய்கிறேன், இந்த மாற்றத்தை ஏற்கவில்லை' என்று அன்றே மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ அனுப்புங்கள். ராஜினாமா செய்யாதீர்கள்: செய்தால், வேறு வழியில்லாமல்தான் வெளியேறினேன் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும், அது மிகக் கடினம். மாற்றத்தை ஏற்காததற்காக உங்களை நீக்கினால் நிலைமை வேறு. அது 'தானாகவே நியாயமற்ற நீக்கம்', அதாவது காரணத்தைப் பார்த்தே சட்டம் நியாயமற்றது என்று சொல்லும் நீக்கம், ஆகலாம். தொழில் நீதிமன்றம் 24 மாதச் சம்பளம் வரை கொடுக்க முடியும்.

மனுவின் நகலை முதலில் முதலாளிக்குக் கொடுத்து, கொடுத்ததற்கான ஆதாரத்தை இணைத்துத்தான் ஆணையத்தில் சேர்க்க வேண்டும். கையெழுத்து வாங்கிய நகல், பதிவுத் தபால் ரசீது, அனுப்பிய மின்னஞ்சல் எல்லாம் செல்லும். ஆதாரம் இல்லாத மனு திரும்பி வரும். முதலாளியின் பெயரைக் கடைப் பலகையைப் பார்த்து எழுதுவது இன்னொரு பெரிய தவறு. பலகையில் ஒரு பெயர், பதிவில் வேறு கம்பெனி என்பது உணவகங்களில் சர்வ சாதாரணம். சம்பளச் சீட்டிலும் வரிச் சான்றிலும் இருக்கும் பெயரையே எழுதுங்கள். தவறான பெயரில் ஜெயித்த தீர்ப்பை எடுத்துக்கொண்டு ஷெரீப் (தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரி) போனால், அங்கே ஜப்தி செய்ய எதுவும் இருக்காது.

சமரச அமர்வில் பேசியதைப் பிறகு ஆதாரமாகக் காட்ட முடியாது, அதனால் தயங்காமல் பேசலாம். 'முழுமையான இறுதித் தீர்வு' என்று எழுதிய காகிதம் வந்தால் மட்டும் நிதானியுங்கள். அதில் கையெழுத்திட்டால் பாக்கிச் சம்பளம், விடுப்புப் பணம் எல்லாம் அதோடு முடிந்துவிடும்.

மொழிதான் வருத்தமான இடம். அரசியல் சாசனத்தின் ஆறாம் பிரிவு தமிழை மதிக்கப்படவேண்டிய மொழிகளில் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆனால் அது ஆட்சிமொழி இல்லாததால், படிவத்தில் 'வேறு மொழி' என்று எழுதி மொழிபெயர்ப்பாளரை நம் செலவில் நாமே கூட்டிப் போக வேண்டும். விஷயம் தெரிந்த ஆளைக் கூட்டிச் செல்லுங்கள். முதலாளியின் உறவினர் வேண்டாம்.

வேலை அனுமதி காலாவதியானவர்கள் பயந்து ஒதுங்கத் தேவையில்லை. அனுமதி இல்லாதவரும் தொழிலாளியே, சி.சி.எம்.ஏ. அவர் வழக்கைக் கேட்க வேண்டும் என்று தொழில் நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்திருக்கிறது.