தவிடா, சக்கையா, திப்பியா? மாவுப்புழுத் தீவன அலசல்

மாவுப்புழு (தீவனத்துக்கும் உணவுக்கும் வளர்க்கப்படும் ஒரு வண்டின் புழுப் பருவம்) வளர்க்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் புரதக் கணக்கைத்தான் கேட்கிறார்கள். தீவனத்தின் ஈரமும் எண்ணெயும் எவ்வளவு என்பதே முதலில் பார்க்க வேண்டியது என்பேன். புழு வளர்க்கும் தட்டுகள் நாசமாவது பெரும்பாலும் இந்த இரண்டால்தான்.

கோதுமைத் தவிட்டில் புரதம் 15 முதல் 17 சதவீதம். எண்ணெய் குறைவு, செதில் செதிலாக இருப்பதால் காற்றும் புகும். மணல்போல் உதிரும் புழு எச்சம் சல்லடையில் இறங்கிவிட, தவிடு மேலேயே தங்கும். இதன் ஒரே குறை, விலை அதிகம்; கறவை மாடு வைத்திருப்பவர்களும் இதற்குத்தான் போட்டி போடுகிறார்கள்.

அரிசித் தவிடு ஊருக்கு ஊர் கிடைக்கும். ஆனால் எந்த ஆலைத் தவிடு என்று கேட்டு வாங்க வேண்டும். பச்சரிசித் தவிட்டில் எண்ணெய் 15 சதவீத அளவுக்கு இருக்கும். அரிசியிலிருந்து பிரிந்த சில மணி நேரத்திலேயே நொதி அந்த எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கும். ஓரிரு நாளில் மூட்டையைப் பிரித்தாலே சிக்கு வாடை அடிக்கும். நெல்லை அவிக்கும்போதே அந்த நொதி செயலிழந்துவிடுவதால் புழுங்கலரிசித் தவிடு கூடுதல் நாள் தாங்கும். எண்ணெய் எடுத்த தவிட்டில் சிக்குத் தொல்லை இல்லை, ஆனால் மாவாக இருப்பதால் சலிக்கும்போது பாதி தீவனம் எச்சத்தோடு இறங்கிவிடும். உமி கலப்படத்துக்கும் குறைவில்லை: ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள், சுருக்கென்று குத்தினால் அந்த மூட்டை வேண்டாம்.

பீர் ஆலையில் மிஞ்சும் பார்லிச் சக்கையில், உலர்ந்த எடைக்குப் புரதம் 20 சதவீதத்துக்கு மேல். ஆனால் ஈரச் சக்கையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 100 கிலோவைச் சுமந்து வந்து உலர்த்தினால் 22 கிலோ தேறும். நம் வெயிலில் மறுநாளே புளித்துவிடும். தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, கையில் நொறுங்கும் வரை காயவைக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததைத் தட்டில் போட்டால் பூஞ்சையும் செள்ளும் குடியேறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம்.

சேலம், ஆத்தூர் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைத் திப்பி, அதாவது மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை, மலிவு. ஆனால் அது பெரும்பாலும் மாவுச்சத்து, புரதம் 2 சதவீதத்தை ஒட்டித்தான். மூன்று பங்கு திப்பிக்கு ஒரு பங்கு கடலைப் புண்ணாக்கு சேர்த்தால்தான் கோதுமைத் தவிட்டின் அருகிலாவது வரும். அப்போது மலிவு எங்கே போயிற்று?

ஓட்டல் மிச்சம் இலவசம்தான், ஆனால் ஐரோப்பாவுக்கு விற்கும் எண்ணம் இருந்தால் தொடவே வேண்டாம். உலர்ந்த மாவுப்புழுவை 2021இல் மனித உணவாக அனுமதித்த ஐரோப்பிய ஒன்றியம், பண்ணைப் புழுவுக்குச் சமையலறைக் கழிவைத் தடுத்திருக்கிறது.

என் தேர்வு, கோதுமைத் தவிட்டை அடிப்படையாக வைத்து, வெயில் மாதங்களில் மட்டும் கால் பங்கு உலர்ந்த சக்கை. எதை வாங்கினாலும் தானிய வண்டின் முட்டையும் அந்துப்பூச்சியும் கூடவே வரும். தட்டில் கொட்டும் முன் 60 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வாட்டி, நன்றாக ஆறவிடுங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், புழுவுக்கு வேண்டிய ஈரத்துக்குக் கேரட் துண்டு போதும். வாடியதை அன்றன்றே எடுத்துவிட வேண்டும்.