ரிட்டர்ன் கேபிளைக் கழற்றச் சொல்லும் கடையில் வண்டியை விடாதீர்கள்

என்னுடையது 2012 மாடல் ஹோண்டா சிபிஆர் 250ஆர். முன்பக்கத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையான ஃபேரிங்கைக் கழற்றிவிட்டு நேர் ஹேண்டில்பார் போட்டிருந்தேன். முன்பக்கம் கேபிளும் வயரும் கொத்தாகத் துருத்திக்கொண்டு நின்றன. அதைச் சரிசெய்யத்தான் சென்னையில் ஒரு மாடிஃபிகேஷன் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பார்த்ததுமே, “ஆக்சிலேட்டருக்கு எதுக்கு தம்பி ரெண்டு கேபிள்? ஒண்ணு போதும். திருப்பி இழுக்கத்தான் உள்ளே ஸ்பிரிங் இருக்கே” என்றார். அளவெடுத்துப் புது கேபிள் செய்து, ஹேண்டில்பாருக்கு உள்ளேயே விட்டுத் தருவதாகப் பேச்சு. 6,500 ரூபாய். பில் கேட்டதற்கு, வேலை முடியட்டும் என்றார். முடிந்த பிறகும் தரவில்லை. வண்டி பளிச்சென்று இருந்ததில் நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள், எங்கள் தெருமுனையில் இடப்பக்கம் ஒடித்துத் திருப்பும்போது எஞ்சின் தானாக ரேஸ் ஆனது. கேபிள் நீளம் பற்றவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். எனக்கு அப்போது தெரியாது. போன் செய்தேன். “ரெண்டு நாள் ஓடினா செட் ஆகிடும் தம்பி.”

ஒன்பதாம் நாள், வேளச்சேரியில் முன்னால் போன ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றது. ஆக்சிலேட்டரை விட்டேன், வேகம் குறையவில்லை. பிடியை முன்பக்கம் உருட்டித் தள்ளினேன். பிடி மட்டும் லொடலொடவென்று சுழன்றது, எஞ்சின் கத்திக்கொண்டே இருந்தது. கிளட்சைப் பிடித்து, பிரேக்கை அழுத்தி, எஞ்சினை உடனே அணைக்கும் கில் ஸ்விட்சைத் தட்டினேன். ஆட்டோவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

கடைக்காரர் வேண்டாமென்ற இரண்டாவது கேபிள்தான் ரிட்டர்ன் கேபிள். அதன் வேலையே அந்த இடத்தில்தான். முதல் கேபிள், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டிலைத் திறக்கும். அது உள்ளே சிக்கிக்கொண்டால் ஸ்பிரிங்கால் மட்டும் இழுத்து மூட முடியாமல் போகலாம். பிடியை முன்னால் உருட்டும்போது இரண்டாவது கேபிள்தான் வலுக்கட்டாயமாக மூடும். அதைத்தான் வேண்டாததென்று கழற்றிப் போட்டார்கள்.

தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் பிரித்துப் பார்த்தோம். ஹேண்டில்பாரில் டிரில் போட்ட துளையின் விளிம்பைத் தேய்க்கக்கூட இல்லை. கத்திபோல இருந்தது. அதில் உரசி உள்கம்பியின் இழைகள் பிய்ந்து, சுருண்டு, உறைக்குள் சிக்கியிருந்தன. தொட்டுப் பார்த்தபோது ஓர் இழை என் விரலில் ஏறியது. “அளவெடுத்துச் செய்த” கேபிளும் புதிதில்லை. வேறு ஏதோ வண்டியின் பழைய கேபிளை வெட்டி, முனையில் ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள்.

கடைக்குத் திரும்பப் போனால், “நீங்க ஓவரா முறுக்கியிருப்பீங்க” என்று பதில். கழற்றிய ஒரிஜினல் கேபிள்கள் எங்கே என்றேன். குப்பைக்குப் போய்விட்டனவாம்.

இப்போது இரண்டு கேபிளும் புதிதாகப் போட்டு, ஹேண்டில் தண்டின் பக்கமாக வளைவு குறைத்து, டேங்குக்கு அடியில் கொண்டுபோயிருக்கிறோம். சுவிட்ச் வயர்களை ஒரே உறைக்குள் சேர்த்துக் கட்டியதுமே முன்பக்கம் சுத்தமாகிவிட்டது. அடைசலாகத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்த வயர்கள்தான், கேபிள் இல்லை!

உங்கள் வண்டியில் இப்படி வேலை செய்திருந்தால் இன்றே பாருங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள், ஐட்லிங் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறக்கூடாது. எந்தப் பக்கம் திருப்பி வைத்து முறுக்கி விட்டாலும் பிடி தானாக ‘டக்’கென்று திரும்ப வேண்டும். பிடியில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும், என் வண்டிக்கு 2 முதல் 6 மி.மீ.

அந்த ஹேண்டில்பாரும் பிய்ந்த கேபிளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. வேலைக்குக் கொடுக்கும் முன் நேரில் பார்க்க நினைப்பவர்கள் கேளுங்கள், காட்டுகிறேன்.